முகம் தெரியாதவர்களிடம் என் மகளுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம், கணவர் கட்டாரில். வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை, போனைப் பார்த்துத் தனியே சிரிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கும் யாருடனோ எழுதிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் தற்செயலாகத்தான் கண்டேன்: தான் கீறிய படங்களையெல்லாம் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். நானூறு பேருக்கு மேல் அவளைப் பின்தொடர்கிறார்கள். அதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. எங்களுக்கு ஒரு நாளும் காட்டாத படத்தை ஊருக்கே காட்டுகிறாளே என்று மனம் விட்டுப் போய்விட்டது. போனைப் பறித்து வை என்கிறார் கணவர். மெல்பேர்னில் இருக்கும் என் அண்ணா, அங்கே பிள்ளைகளுக்கு இதைச் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள் என்கிறார். முகம் தெரியாதவர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நான் என்ன செய்ய? – ஒரு தாய், உப்புவெளி.

பதில்:

அன்பின் சகோதரி,

உங்கள் கடிதத்தில் பயமும் இருக்கிறது, மனவருத்தமும் இருக்கிறது. பயத்துக்குப் பதில் சொல்லப் பலர் இருப்பார்கள். "எங்களுக்கு ஒரு நாளும் காட்டாத படம்" என்று எழுதிய தாயின் மனவருத்தத்தைக் கடந்து போக எனக்கு மனமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் ஒன்று: இதை வாசித்து முடிக்கும் வரைக்குமாவது போனைப் பறிக்க வேண்டாம்.

"யாருடனோ எழுதிக்கொண்டிருக்கிறாள்" என்கிறீர்கள். அந்த யாரோ பெரும்பாலும் நீங்கள் அறிந்த பிள்ளையாகத்தான் இருக்கும். போன மாதம் வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவள், உங்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு வந்து போனவள். என்னிடம் உளவளத்துணைக்கு வரும் பிள்ளைகள் தங்கள் போனைத் திறந்து காட்டும்போது நான் முதலில் காண்பது வகுப்புச் சிநேகிதிகளின் வாட்ஸ்அப் குழுவைத்தான். டானா பாய்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பதின்ம வயதினரை நேரில் சந்தித்துக் கேட்டவர். அவர் கண்டதும் இதுதான். பிள்ளைகளை இழுப்பது அந்தக் கருவியை விட, அதற்குள் இருக்கும் சிநேகிதர்கள். வெளியே சேர்ந்திருக்க வழி குறையக் குறைய, அவர்கள் சேரும் இடம் திரைக்குள் போய்விட்டது.

அமெரிக்கக் கதையை விடுவோம். பின்னேரம் ஐந்தரை மணிக்குத் திருகோணமலை நகரத்தில் ஏதாவது ஒரு ரியூஷன் வாசலில் நின்று பாருங்கள். வகுப்பு விட்டதும் பெண்பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து நிற்பார்கள். ஒருத்தி ஏதோ சொல்லத் தொடங்குவாள். மற்றவர்கள் தலையைக் கிட்டக் கொண்டுவருவார்கள். கதை பாதிக்கு வரும்போது ஒரு தகப்பனின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும், ஒரு ஹோர்ன் அடிக்கும். ஒருத்தி புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அடுத்த நிமிடம் ஓர் அண்ணன். பிறகு, மாதக் காசுக்குப் பேசி வைத்த ஆட்டோ. ஐந்து நிமிடத்தில் வாசல் வெறிச்சோடிவிடும். அந்தப் பாதிக் கதை என்ன ஆகும்? இரவு வீட்டுவேலையெல்லாம் முடிந்த பிறகு, போனில் தொடரும். உங்கள் மகள் தனியே சிரிக்கிறாள் என்றீர்களே, அனேகமாக வாசலில் நின்றுபோன சிரிப்பின் மிச்சம்தான் அது. இப்போது பரீட்சையும் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் இல்லை, வகுப்பு இல்லை, அந்த வாசலும் இல்லை. இந்த மாதங்களில் அவளுக்குச் சிநேகிதிகள் கிடைக்கும் ஒரே இடம் போன்தான்.

நம் ஊரில் பதினாறு வயதுப் பெண்பிள்ளை சிநேகிதிகளோடு சும்மா இருந்து கதைக்க எங்கே போவாள்? ஆண்பிள்ளைகளுக்கு மைதானம் இருக்கிறது, மாலையில் கடற்கரையில் பந்தடிக்கலாம், ஒரு மதிலில் ஏறியிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளைகள் நாலு பேர் டச்பே கடற்கரையில் தனியாக இருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் யாராவது உறவுக்காரர் வீட்டுக்குத் தகவல் கொடுத்துவிடுவார். கோணேசர் கோயிலுக்குப் போகலாம், பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகலாம், வீட்டாரோடு. கலியாண வீட்டுக்குப் போகலாம், அதுவும் வீட்டாரோடு. சேர்ந்திருக்க இடம் உண்டு. பெரியவர்களின் கண் படாமல் சேர்ந்திருக்கத்தான் இடமில்லை.

இதைக் குறை சொல்லி எழுதவில்லை. நீங்களும் நானும் சோதனைச் சாவடியையும் ஊரடங்கையும் பார்த்து வளர்ந்தவர்கள். இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது நமக்கு ஒழுக்கப் பாடமாக வந்ததல்ல, உயிர் தப்பிய வழி. 2009இல் போர் முடிந்தது. அதை ஒட்டிப் பிறந்த பிள்ளை உங்கள் மகள். அந்தப் பயம் அவளிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயத்தின் அளவுக்குத்தான் அவளுடைய வெளியும் இருக்கிறது. வாசலைத் தாண்ட முடியாத பிள்ளை போனுக்குள் ஒரு வாசலைத் தேடிக்கொண்டால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அந்தப் போன் வீட்டுக்குள் வந்த விதத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொவிட் வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஸூம் வகுப்பு, வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சித்தாள் என்று எத்தனை வீடுகளில் இருந்த நகையை ஈடு வைத்துப் போன் வாங்கினோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் இதே கதைதான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, "உன் பள்ளிக்கூடம் இதற்குள்தான் இருக்கிறது" என்று சொன்னவர்கள் நாம். ஆசிரியரும் சிநேகிதியும் அதற்குள்தான் இருந்தார்கள். உங்கள் வீட்டில் இன்னொருவரும் அதற்குள் இருக்கிறார், அவளுடைய அப்பா. பிறந்தநாள் வாழ்த்தும் அதில்தான், பரீட்சைக்குப் போகும்போது வாங்கும் ஆசீர்வாதமும் அதில்தான். தகப்பனின் அன்பைத் திரை வழியாகவே வாங்கி வளர்ந்த பிள்ளையிடம், "போனில் இருப்பதெல்லாம் உண்மையான உறவா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? உண்மைதான் என்பாள். அவளுடைய அனுபவம் அப்படி.

சரி, இப்போது அந்தப் படங்கள்.

பதின்ம வயதின் பெரிய வேலை, "நான் யார்?" என்று கண்டுபிடிப்பதுதான் என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் எழுதினார். அதை ஒருவர் தனியே இருந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைச் செய்து, நாலு பேருக்கு முன்னால் வைத்து, அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டார் அதற்கு அவ்வளவு உதவ மாட்டார்கள். நாம் அவளைத் தொட்டிலிலிருந்து அறிந்தவர்கள். அவள் யார் என்று நாம் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். உங்களிடம் காட்டினால் அது "மகள் கீறிய படம்". அதன் பின்னால் எத்தனை கேள்வி வரும்: பரீட்சை நேரத்தில் கீறினாயா, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய், இதால் என்ன பிரயோசனம். நீங்கள் அப்படிக் கேட்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிடுவீர்களோ என்ற பயமே போதும், பிள்ளை கொப்பியை மூடிவிடும். முகம் தெரியாத ஒருவருக்கு அது வெறும் படம். மூக்கு நன்றாக வந்திருக்கிறது, நிழல் சரியில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த நானூறு பேரிடம் அவள் தேடியது அதைத்தான். உங்கள் அபிப்பிராயம் பெரிதென்பதால்தான் உங்களிடம் காட்டப் பயம். மனம் விட்டுப் போக வேண்டாம்.

அவர்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. அவளைப் போலவே பென்சிலோடு இருக்கும் பிள்ளைகள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் மனித முகம் கீறுவதில் பைத்தியமானவள் அவள் ஒருத்தியாகவே இருந்திருக்கலாம். மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ அப்படி இன்னொருத்தி இருப்பாள். நம் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம். பள்ளிக்கூடம் மட்டும் பெரும்பாலும் தனித்தனி. கிண்ணியாவில் படம் கீறும் ஒரு பிள்ளையை உங்கள் மகள் நேரில் சந்திக்க நாம் ஒரு வழியும் வைக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் இரண்டு பேரும் ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அதை நான் நல்லதென்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த இடத்தைக் கட்டியவர்கள் பிள்ளைகளின் நன்மைக்காகக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் அங்கே கூடுதல் நேரம் இருந்தால் அவர்களுக்கு விளம்பர வருமானம் கூடும். பேஸ்புக் 2009இல் கொண்டுவந்த லைக் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் லொஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 13 முதல் 18 வயது வரையான 32 பேரை மூளை ஸ்கானுக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போல வரிசையாகப் படங்களைக் காட்டினார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டதும், மூளையில் இன்பத்தை உணரும் பகுதி நன்றாக இயங்கியது. இன்னொன்று: ஒரே படத்துக்கு நிறைய லைக் இருப்பதாகக் காட்டினால் அவர்களும் லைக் போட்டார்கள், குறைவாகக் காட்டினால் போடத் தயங்கினார்கள். புகைத்தல், குடி போன்ற படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் இயக்கம் குறைந்தது. உங்கள் மகள் நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்ற கேள்வி இதில் இல்லை. அந்த வயது மூளை எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். கட்டுப்பாட்டுப் பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயது அளவில் ஆகும். அதுவரை பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

பக்கத்தில் இருப்பதற்கும் பறிப்பதற்கும் நிறைய தூரம். பறித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் இந்த நாட்டிலேயே பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் தடுத்தார்கள். 2019 ஏப்ரலில் திரும்பவும், 2022 ஏப்ரலில் இன்னொரு முறையும் தடுத்தார்கள். அத்தனை முறையும் சனம் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனது. அரசாங்கம் பூட்டியே நிற்காததை ஒரு தகப்பன் கட்டாரிலிருந்து பூட்ட முடியாது. சிநேகிதியின் போனில் இன்னொரு கணக்கு திறப்பாள். அது உங்களுக்குத் தெரியவும் வராது. அதோடு, அவள் இல்லாமலே அந்த வாட்ஸ்அப் குழு ஓடிக்கொண்டிருக்கும். கணினியில் பந்து எறியும் சின்ன விளையாட்டு ஒன்றை வைத்து உளவியலாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மற்ற இருவரும் தனக்குப் பந்து எறிவதை நிறுத்தியதும், முன்பின் தெரியாதவர்கள்தான் என்று தெரிந்தும், ஆட்கள் உடைந்து போனார்கள். சொந்தச் சிநேகிதிகள் கூடியிருக்கும் இடத்திலிருந்து தூக்கினால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

மெல்பேர்ன் அண்ணாவுக்கும் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கானது. உங்கள் மகள் அங்கே இருந்திருந்தாலும் கணக்கு வைத்திருக்கலாம். வாட்ஸ்அப் அந்தத் தடைக்குள் வரவில்லை. முக்கியமாக, அந்தச் சட்டத்தில் பிள்ளைக்கோ தாய்க்கோ தண்டனை இல்லை. சிறுவர் கணக்கைத் தடுக்காத நிறுவனத்துக்குத்தான் 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டொலர் வரை தண்டம்.

நான் பறிக்க வேண்டாம் என்று சொல்லும் பெரிய காரணம் இனித்தான் வருகிறது. அந்த நானூறில் ஒருவர் கெட்டவராக இருந்தால்? அப்படிப்பட்டவர்கள் செய்வதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் படத்தைப் புகழ்வார். பிறகு தனியாக எழுதுவார். வீட்டில் உன்னை யாருக்கும் விளங்கவில்லை, எனக்கு விளங்குகிறது என்பார். வாட்ஸ்அப்புக்கு வா என்பார். முகப்படம் கேட்பார், பிறகு வேறு மாதிரிப் படம். அது கைக்கு வந்த அன்றைக்கே குரல் மாறும்: "காசு அனுப்பு, இல்லாவிட்டால் உன் அம்மாவுக்கு அனுப்புவேன்." அந்த மிரட்டல் வேலை செய்வது எதனால்? அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்று பிள்ளை நம்புவதால்தான். அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டால் அவனுடைய கையில் ஒன்றும் இல்லை. ஆகவே இந்தக் கிழமைக்குள், சண்டை ஒன்றும் இல்லாத ஒரு நேரம் பார்த்து, இதைச் சொல்லுங்கள்: "பிள்ளை, போனில் என்ன பிரச்சினை வந்தாலும், நீயே பிழை செய்திருந்தாலும், என்னிடம் வா. நான் ஏச மாட்டேன். போனைப் பறிக்க மாட்டேன்." சொன்னால் காக்க வேண்டும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்திருந்து அந்தக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே கண்டுவிட்டதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கணக்குத் திறக்கும்போது எந்தப் பிறந்த ஆண்டைப் போட்டாள் என்று கேளுங்கள். 13 வயது ஆகாவிட்டால் கணக்கு இல்லை என்பதால் நம் பிள்ளைகள் பலர் ஆண்டைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் 18க்குக் குறைந்தவர்களுக்கு இன்ஸ்டாகிராம் தானாகவே போடும் பாதுகாப்பு இவர்களுக்கு வேலை செய்யாது. தெரியாதவர்கள் தனிச் செய்தி அனுப்ப முடியாதபடி மாற்றலாம். படங்களில் வீட்டு வாசலோ பள்ளிச் சீருடையோ தெரிகிறதா என்று பார்க்கலாம். மாற்றுவது அவள் கையாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். எல்லா உரையாடலையும் வாசிக்கக் கேட்க வேண்டாம், வாசல் கதையை நீங்கள் கேட்காதது போலத்தான் இதுவும்.

இரவுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நித்திரை குறைந்தால் கோபம், அழுகை, மறதி எல்லாம் வரும், பிறகு எது போனால் வந்தது எது நித்திரையால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பத்தரைக்கு எல்லாப் போனும் ஹோலில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். கணவர் வேலை முடித்து ஒன்பது மணிக்கு எடுத்தால் இங்கே பதினொன்றரை. மகளோடு கதைக்கும் அழைப்பை மட்டும் அவர் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்த அழைப்பில் "படித்தாயா?" என்பதை விட்டுவிட்டு, "கடைசியாகக் கீறிய படத்தைக் காட்டு" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் கேட்கலாம். காட்டினால் படத்தைப் பற்றி மட்டும் கதையுங்கள்.

அதோடு, வீட்டைத் திறந்து விடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய சிநேகிதிகள் மூன்று, நாலு பேரை வரச் சொல்லி, விறாந்தையை அவர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் குசினிக்குள் போய்விடுங்கள். தேத்தண்ணியும் வடையும் கொடுத்தால் போதும், பக்கத்தில் இருக்க வேண்டாம். உப்புவெளியில் கடற்கரை உங்களுக்கு நடந்து போகும் தூரம். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், நீங்கள் ஒரு நாற்பது அடி தள்ளி இருங்கள். மற்றத் தாய்மாரோடும் கதைத்து முறை வைத்துக்கொள்ளலாம், ஒரு கிழமை உங்கள் வீடு, அடுத்த கிழமை இன்னொரு வீடு. முதல் நாள் எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தியின் போனில் இருப்பதை நாலு பேரும் சேர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். அதைக் கண்டு மனம் சலிக்க வேண்டாம், அதுவும் சேர்ந்திருப்பதுதான்.

எப்போது பயப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா என்று 44 நாடுகளில், 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கை உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2024இல் வெளியிட்டது. சமூக வலைத்தளப் பாவனை பிரச்சினையாகிவிட்ட பிள்ளைகள் 2022இல் 11 சதவீதம். பெண்பிள்ளைகளில் 13, ஆண்பிள்ளைகளில் 9. 2018இல் மொத்தம் 7 சதவீதமாக இருந்தது. கூடிக்கொண்டு போகிறது, உண்மை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த நிலைக்குப் போகவில்லை என்பதும் உண்மை. அவர்கள் பார்த்த அடையாளங்கள்: நிறுத்த முயன்றும் முடியாமை, மற்ற விருப்பங்களைக் கைவிடுவது, பொய் சொல்வது, இல்லாத நேரம் தவித்துப் போவது, வீட்டில் ஓயாத சண்டை. உங்கள் மகள் இன்னும் படம் கீறுகிறாள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கீறுவதை அவள் விட்டுவிட்டால், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால், சிநேகிதிகளோடும் கதைக்காமல் அறைக்குள் இருந்தால், காரணமில்லாமல் காசு கேட்டால், காத்திருக்க வேண்டாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லலாம், கட்டணம் இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார். உளநல உதவிக்கு 1926. யாராவது படத்தை வைத்து மிரட்டுவது தெரிந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கள். மிரட்டுபவருக்குக் காசு அனுப்ப வேண்டாம், கோபத்தில் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் இருந்தே கதையுங்கள்.